ஈறு நோயும் இரத்தக் கொதிப்பும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கம் என்பது கடன் கொடுத்து வாங்கும் இடம் மட்டுமன்று. அங்கத்தினர் தம் வாழ்வைத் தாமே சீர்ப்படுத்திக்கொள்ளக் கற்கும் பள்ளியும் ஆகும். நூல், சாயம், விதை, உரம், விற்பனை, கணக்கு ஆகியவற்றைப் பற்றி இப்பகுதியில் அடிக்கடி எழுதி வருகிறோம். ஆனால் தறியை இயக்கும் கையும் கலப்பையைப் பிடிக்கும் தோளும் சோர்ந்துவிட்டால், எவ்வளவு நூலும் விதையும் இருந்து என்ன பயன்? உழைப்பாளியின் முதல் அவன் உடல். அந்த முதலைக் காப்பதும் சிக்கனத்தின் ஒரு பகுதியே. ஆகவே இம்மாதம் உடல்நலம் பற்றிய ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குவோம். அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்த நெசவாளர். பல ஆண்டுகளாகவே பல் துலக்கும்போது அவர் ஈறுகளில் இரத்தம் கசிந்து வந்தது. அதை உடற்சூடு என்று எண்ணி விட்டுவிட்டார். வலி எடுத்தபோது புகையிலைத் துண்டை ஈற்றில் அடக்கிக்கொண்டார். அதற்கும் அடங்காதபோது மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். முடிவில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கவே, அதைப் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் பல்லைப் பார்க்குமுன் அவர் கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தத்தை அளந்தார். பிறகு, "ஐயா, இன்று பல்லை எடுக்க இயலாது, இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது. முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டார். அவருக்கு ஒரே வருத்தம். "பல்லுக்கென்று போனவனுக்குக் கையில் என்ன சோதனை?" என்று நம்மிடம் வந்து கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இரத்த அழுத்தம் என்பது யாது?

இறைப்பெட்டி நீரைத் தள்ளுகிறது. நீர் வாய்க்கால் வழியே வயலெங்கும் பாய்கிறது. அது போலவே இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடித்து, இரத்தத்தைக் குழாய்களின் வழியே உடலெங்கும் செலுத்துகிறது. அவ்வாறு செல்லும் இரத்தம் குழாயின் சுவர்மீது செலுத்தும் அழுத்தமே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வு கொள்ளும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். இவை பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 120/80 என்பதோ அதற்குச் சற்றுக் குறைவோ நல்ல நிலை. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அதற்கு மேல் இருக்குமாயின் அதை உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவர் கொள்வர். அமெரிக்க இதயநோய் வல்லுநர் சங்கங்கள் 2017ஆம் ஆண்டிலிருந்து 130/80 என்ற எல்லையையே வைத்துள்ளன.

இதை நாம் பேச்சில் இரத்தக் கொதிப்பு என்கிறோம். இப்பெயர் ஒரு வகையில் நம்மை ஏமாற்றுகிறது. கொதிப்பு என்றதும் உடல் சுடும், தலை வலிக்கும், முகம் சிவக்கும், கோபம் வரும் என்று எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் குழாய்களைத் தடிக்கச் செய்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுத்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுகிறது.

இந்நோய் எத்துணைப் பரவலானது என்பதற்குச் சில கணக்குகளைக் காண்போம். 2019ஆம் ஆண்டில் உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உடையோர் என்று கண்டது. அதாவது, நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மூவர் அமர்ந்திருந்தால், அவர்களில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக் கூடும்.

ஈறு நோய் தோன்றும் விதம்

இனி வாயைக் கவனிப்போம். பற்களின்மீது எச்சிலும் உணவுத் துகளும் நுண்கிருமிகளும் சேர்ந்து ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று நாள்தோறும் படிகிறது. நாவால் தடவினால் வழுவழுப்பாகத் தோன்றுவது இதுவே. நாள்தோறும் துலக்கினால் இது போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலிலுள்ள சுண்ணச் சத்து அதில் சேர்ந்து கல்லைப் போல் இறுகிப் பற்காரையாகிறது. பற்காரையைத் துலக்கிப் போக்க இயலாது. மருத்துவர் கருவி கொண்டே அகற்ற வேண்டும்.

ஈற்று விளிம்பில் தங்கும் இப்படலம் ஈற்றை அழலச் செய்கிறது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இது முதல் நிலை. இதை எளிதில் குணப்படுத்தலாம் என்பதை ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் செய்த ஆய்வு நிலைநாட்டியது. 1965இல் வெளியான அவ்வாய்வில், நல்ல ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன. மூன்று வார அசட்டை நோயைத் தந்தது. ஒரு வாரக் கவனம் அதைப் போக்கியது.

முதல் நிலையைப் பொருட்படுத்தாவிட்டால் சிலருக்கு நோய் ஆழத்திற்கு இறங்குகிறது. ஈறு பல்லினின்றும் விலகி இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நல்ல ஈற்றில் இப்பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இராது. நோயுற்ற ஈற்றிலோ 5, 6, அதற்கு மேலும் ஆழமாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பல் ஆடி, முடிவில் விழுகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள வளர்வதில்லை.

மருத்துவ வசதியே எட்டாத இடத்தில் இந்நோய் எவ்வாறு முற்றும் என்பதையும் அதே அறிஞர் ஆராய்ந்தார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் பணியாற்றிய ஆண் தொழிலாளர் 480 பேரை அவருடைய குழுவினர் 1970 முதல் 1985 வரை தொடர்ந்து பார்த்து வந்தனர். அத்தொழிலாளருக்குப் பல் மருத்துவம் கிடைத்ததில்லை. பற்களைப் பேணும் முறையையும் எவரும் கற்பித்ததில்லை. அனைவர் பற்களிலும் அழுக்கும் காரையும் இருந்தன. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 பேருக்கு மிதமான வேகத்தில் முற்றியது. 11 பேருக்கு மட்டும் ஈறு அழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. ஆகவே ஒரே அழுக்கு எல்லார்க்கும் ஒரே தீங்கைச் செய்வதில்லை; அவரவர் உடலின் இயல்பும் கணக்கில் சேருகிறது. நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டியே அறிய முடியாது. அறிய முடியாதபோது காத்துக்கொள்வதே அறிவுடைமை.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, முற்றிய ஈறு நோய் உடையோர் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோர். கணக்கைப் பார்த்தால், இரண்டு நோய்களும் ஒரே வீட்டில், ஒரே உடலில் குடியிருப்பதில் வியப்பில்லை.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இரண்டு நோய்கள் ஒருவரிடமே காணப்படுவதால் மட்டும் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று கூறிவிட முடியாது. மழைக்காலத்தில் தவளை கத்துகிறது. தவளை கத்துவதால் மழை பெய்யவில்லை. வயது முதிர்ச்சி, புகையிலை, நீரிழிவு, உடற்பருமன், வறுமை ஆகியவை ஈற்றையும் கெடுக்கின்றன; இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. எனவே பொதுக் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் தொடர்பு எஞ்சுகிறதா என்பதே ஆராய்ச்சியாளர் முன்னிருந்த வினா.

26 நாடுகளில் நடைபெற்ற 81 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இன் இறுதியில் வெளிவந்தது. மிதமானதும் முற்றியதுமான ஈறு நோய் உடையோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு, நல்ல ஈறு உடையோரைவிட நூற்றுக்கு 22 பங்கு மிகுதி என்றும், நோய் மிக முற்றியவரை மட்டும் எடுத்துக்கொண்டால் 49 பங்கு மிகுதி என்றும் அது கண்டது. ஈறு நோயாளரின் மேல் எண் சராசரியாக 4.5 மில்லிமீட்டரும் கீழ் எண் 2 மில்லிமீட்டரும் உயர்ந்திருந்தன. இவை சிறிய எண்களாகத் தோன்றலாம். ஆனால் கோடிக்கணக்கான மக்களின் அழுத்தம் இவ்வளவு உயர்வதன் பயனாகப் பக்கவாதமும் மாரடைப்பும் பெருகும் என்பதை மறக்கலாகாது.

சரி, ஈற்றைக் குணப்படுத்தினால் அழுத்தம் குறைகிறதா? போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் இதை நேராகவே சோதித்தனர். உயர் இரத்த அழுத்தமும் ஈறு நோயும் உடைய 101 பேரைச் சீட்டுப் போட்டது போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஈற்றுக்குக் கீழும் மேலும் உள்ள காரையை முற்றும் அகற்றிக் கிருமிநாசினி கொண்டும் சிகிச்சை செய்தனர். மற்றப் பிரிவினருக்கு மேற்புறத்தை மட்டும் துப்புரவு செய்தனர். இரண்டு மாதங்கள் கழித்து இருபத்து நான்கு மணி நேர அழுத்தத்தை அளந்தபோது, முழுச் சிகிச்சை பெற்றோரின் மேல் எண் மற்றவரைவிட 11 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. 2019இல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது.

எனினும் ஒரு சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறிவிடுதல் முறையன்று. மேற்கூறிய தொகுப்புக் கட்டுரையே, ஈற்றுச் சிகிச்சையின் பயனை அளந்த 12 சோதனைகளுள் 5இல் மட்டுமே இரத்த அழுத்தம் குறைந்தது உறுதிப்பட்டது என்று கூறுகிறது. ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: ஈறு நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று வலுவானது, ஈற்றைச் சீர்செய்தால் அழுத்தம் எவ்வளவு குறையும், எல்லார்க்கும் குறையுமா என்பதற்குச் சான்று இன்னும் நிறைவு பெறவில்லை.

தொடர்பு செயற்படும் வழி

வாயிலுள்ள புண் கையிலுள்ள குழாயை எவ்வாறு தாக்கும் என்று சிலர் வினவலாம். முற்றிய ஈறு நோயில் பற்களைச் சுற்றியுள்ள பைகளின் உட்புறம் முழுவதும் புண்ணாகவே இருக்கும். அப்புண்களையெல்லாம் சேர்த்துப் பரப்பினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். காலில் இவ்வளவு பெரிய புண் இருந்து சீழ் கசிந்தால் நாம் ஒரு நாளும் பொறுத்திருக்க மாட்டோம். ஈற்றுப் புண் கண்ணுக்குத் தெரியாமையால் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

அப்புண் வழியே, மெல்லும்போதும் துலக்கும்போதும் நுண்கிருமிகளும் அவற்றின் நச்சும் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் இதைப் படையெடுப்பாகக் கருதி எதிர்க்கிறது. கல்லீரல் அழற்சிக்குரிய புரதங்களைச் சுரக்கிறது. இவ்வாறு உடலெங்கும் சிறு நெருப்பு ஒன்று அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் மிக மெல்லிய உயிரணுப் பூச்சு ஒன்று உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இவ்வுண்மையை வெளிப்படுத்திய அமெரிக்க அறிஞர் மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அழற்சி நெடுநாள் நீடித்தால் இப்பூச்சு கெட்டு, அந்த வாயு குறைகிறது. குழாய் இறுகி நிற்கிறது. இறுகிய குழாயில் அழுத்தம் உயர்வது இயல்பே.

இது வெறும் ஊகமன்று. 120 நோயாளரைக் கொண்டு நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வொன்று, ஈற்றுக்கு முழுச் சிகிச்சை செய்த மறுநாள் இரத்தக் குழாய் விரியும் திறன் குறைந்ததையும், 60 நாட்களுக்குப் பிறகும் 180 நாட்களுக்குப் பிறகும் அத்திறன் முன்னிலும் நன்றாக இருந்ததையும் காட்டியது. உழவர்க்கு இது எளிதில் விளங்கும். சேற்றைக் கலக்கித் தூர் வாரும் நாளில் கிணற்று நீர் கலங்குகிறது. சில நாட்களில் முன்னிலும் தெளிந்த நீர் ஊறுகிறது.

எதிர்த்திசையில் வரும் தொல்லைகள்

தொடர்பு ஒரு வழிப் பாதையன்று. இரத்த அழுத்தத்திற்கான சிகிச்சையிலிருந்தும் வாய்க்குச் சில தொல்லைகள் வருவதுண்டு.

முதலாவது, அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளை உண்போரில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடி வளர்கிறது. அதன் அடியில் அழுக்குத் தங்கி நோய் மிகுகிறது. இதைக் கண்டால் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது; மருத்துவரிடம் கூறினால் தக்க மாற்று மருந்தைத் தருவார். பற்களைத் தூய்மையாக வைத்திருப்போருக்கு இத்தொல்லை குறைவு.

இரண்டாவது, பல் வலிக்காக மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கூடியவை. அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரையின் பயனையும் குறைக்கக் கூடியவை. நம் அங்கத்தினர் நெடுநாள் விழுங்கி வந்தவை இவ்வகையைச் சேர்ந்தவையே. பல்லின் வலியை அடக்கக் கொண்ட மருந்து குழாயின் சுமையை ஏற்றிவந்தது.

மூன்றாவது, கிருமிநாசினி கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை அளவின்றிப் பயன்படுத்துவது. நாவில் வாழும் நுண்கிருமிகளுள் நன்மை செய்வனவும் உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட் என்னும் சத்தை அவை மாற்றித் தருவதால் உடலில் நைட்ரிக் ஆக்சைடு பெருகுகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், நல்ல உடல்நலமுள்ள 19 பேர் ஒரு வாரம் இத்தகைய மருந்தால் வாய் கொப்பளித்தபோது அவர்தம் இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை உயர்ந்தது. எனவே மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே அதனைக் கொள்ளல் வேண்டும். வயலில் களையை அழிக்கும் மருந்து பயிரையும் கருக்கிவிடுவதை நாம் அறிவோம்.

நாம் செய்யத்தக்கவை

நாள்தோறும் காலையிலும் இரவு உறங்குமுன்னும் இருமுறை பல் துலக்க வேண்டும். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் போதும். ஈறும் பல்லும் கூடும் விளிம்பில் தூரிகையைச் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்க வேண்டும். செங்கற்பொடி, அடுப்புச் சாம்பல், உப்புப் பொடி ஆகியவை பல்லைத் தேய்த்துவிடும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லவை என்று முன்னோர் கூறினர். குச்சியை நுனி பஞ்சாகும்வரை மென்று மெதுவாகத் துலக்குவோர்க்கு அது பயன் தருவதே. ஆனால் அவசரமாக ஈற்றைக் கீறுவது தீங்கு. குச்சியானாலும் தூரிகையானாலும் பல்லிடுக்கில் உள்ள அழுக்கை முற்றும் எடுப்பதில்லை. அதற்கென உள்ள சிறு தூரிகையையோ மெழுகிட்ட நூலையோ பயன்படுத்தலாம். பாவு நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கத்தை நெசவாளர் விட்டொழிக்க வேண்டும். அது முன்பற்களில் பள்ளம் விழச் செய்கிறது.

வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை, பீடி, சிகரெட் ஆகிய அனைத்தும் ஈற்றுக்கும் குழாய்க்கும் ஒருங்கே பகை. இதில் மறைந்திருக்கும் வஞ்சகம் ஒன்றை அறிய வேண்டும். புகைப்போரின் ஈற்றில் இரத்தம் கசிவது குறைவு. "இரத்தம் வரவில்லையே, எனக்கு ஈறு நோய் இல்லை" என்று அவர் எண்ணிக்கொள்வார். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் மருத்துவரிடம் காட்டிக் காரையை அகற்றிக்கொள்வது நன்று. காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். பல்லைத் தளர்த்தியது காரையே. அதை எடுத்தபின் தளர்ச்சி வெளியே தெரிகிறது, அவ்வளவே. புற்று மண்ணைத் தட்டிவிட்டபின் கதவில் ஓட்டை தெரிந்தால், ஓட்டையிட்டது கரையானா, தட்டிய கையா?

பல் மருத்துவரிடம் செல்லும்போது இரத்த அழுத்தம், நீரிழிவு உண்டு என்பதையும், உண்ணும் மாத்திரைகள் யாவை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோதல் நலம். அதுபோலவே பொது மருத்துவரிடம் செல்லும்போது ஈற்றில் இரத்தம் கசிவதைக் கூறத் தயங்கலாகாது.

இரத்த அழுத்தத்தை அளக்கும்போது ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை கூடாது. கையை இதயத்தின் உயரத்தில் தாங்கி வைத்துச் சிறிது இடைவெளியில் இருமுறை அளப்பது முறை.

உணவில் உப்பு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம் ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பும் இக்கணக்கில் சேரும். நம் உழவர் விளைவிக்கும் கீரையும் காய்களும் சந்தைக்கு மட்டும் உரியவை அல்ல. விளைவித்தவன் வீட்டு அடுப்புக்கும் உரியவை.

மாத்திரையை நிறுத்தலாகாது

இப்பாடத்தில் யாவரும் நன்கு மனத்தில் இருத்த வேண்டிய பகுதி இதுவே. முன்னர்க் கூறிய நெசவாளரின் கதை அத்துடன் முடியவில்லை. அவர் பொது மருத்துவரிடம் சென்று மாத்திரை உண்ணத் தொடங்கினார். அழுத்தம் அடங்கியபின் ஆடிய பல் எடுக்கப்பட்டது. ஏனைய ஈறுகளுக்கும் சிகிச்சை நடந்தது. ஈற்றுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தொடர்புண்டு என்று யாரோ சொல்லக் கேட்ட அவர், "ஈறு ஆறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று தாமே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து வேறொரு காரியமாகச் சுகாதார நிலையம் சென்றபோது அளந்து பார்த்தனர். அழுத்தம் முன்பிருந்த அளவுக்கே ஏறியிருந்தது. அவருக்கு எந்த வலியும் தோன்றவில்லை. தறியில் வழக்கம்போல் நெய்துகொண்டிருந்தார். அன்று அளக்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. ஒரு கையும் காலும் செயலற்றுப் போன நெசவாளனின் வீட்டில் தறி மட்டுமா நிற்கும்?

ஈற்றுச் சிகிச்சை இரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்று அன்று, துணை. பாவு இருந்தால் ஊடை வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் அளந்து பார்த்துச் செய்ய வேண்டிய முடிவு.

இப்பொழுது அவர் நாள் தவறாமல் மாத்திரை உண்கிறார். இருமுறை பல் துலக்குகிறார். புகையிலையை விட முயன்று, பெருமளவு குறைத்திருக்கிறார். "பல்லுக்குப் போனேன், உயிரைக் கையில் கட்டிக் காட்டினார்கள்" என்று அவரே இப்பொழுது மற்றவரிடம் சொல்லி வருகிறார்.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. தானாக அளந்து காட்டும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி வைப்பது பெருஞ்செலவன்று. நெய்த துணியை ஒப்படைக்கும் நாளிலும் உரம் வாங்க வரும் நாளிலும் அங்கத்தினர் தம் அழுத்தத்தை அளந்து, பாஸ் புத்தகத்தைப் போல் ஒரு சிறு புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம். பற்று வரவை ஒழுங்காக எழுதும் நாம் உடலின் கணக்கை எழுதாதிருப்பது சரியன்று. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை ஆண்டுக்கொருமுறை அழைத்து முகாம் நடத்தலாம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதனை அறியாத முதியோர் இருப்பின், அவர்களுக்கு எடுத்துரைத்துப் பெயர் பதிவு செய்ய உதவுவது இளைஞரான அங்கத்தினரின் கடமை.

முக்கியமாக, பெண்களை மறந்துவிடலாகாது. தார் சுற்றுவதிலும் நாற்று நடுவதிலும் ஆணுக்கு இணையாக உழைக்கும் அவர்கள், பல் வலித்தாலும் தலை சுற்றினாலும் வாய் திறந்து சொல்வது அரிது. முகாம் என்றால் குடும்பத்தோடு வருவதையே வழக்கமாக்குவோம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. இரத்தக் கொதிப்பு என்னும் பெயர் நம்மை எவ்வாறு தவறாக எண்ணச் செய்கிறது?

2. பல் துலக்கும்போது இரத்தம் கசிவோர் நம் வீடுகளில் எத்தனை பேர்? அவர்கள் அதற்கு என்ன செய்து வருகின்றனர்?

3. ஈற்றைக் குணப்படுத்தினால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா? ஏன் கூடாது?

4. நாமாக வாங்கி உண்ணும் வலி மாத்திரையால் விளையும் தீங்கு யாது?

5. நம் சங்கத்தில் இரத்த அழுத்தக் கருவி வைப்பதாயின், அளந்து குறிக்கும் பொறுப்பை யார் ஏற்பது? எந்த நாளில் அளப்பது?

ஐந்தாம் வினாவுக்குரிய விடையை ஒவ்வொரு படிப்பு வட்டமும் தீர்மானமாக எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு முன் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.